பெட்ரோலை அளக்கும் சவ்வு

சங்கிலி ரம்பத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் அதன் பற்களைப் பற்றித்தான் பேசுவார்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி 1946-இல் ஒரு வண்டுப் புழு மரத்தைக் குடைவதைக் கூர்ந்து பார்த்தார். அதன் தாடைகள் இடமும் வலமுமாக மாறி மாறி அரிவதைக் கண்டு, இன்றைய சங்கிலிப் பல்லின் வடிவத்தை அமைத்தார். புகழ்பெற்ற கதை. ஆனால் பல் எவ்வளவு கூராக இருந்தாலும், அதை இழுக்கும் எஞ்சினுக்கு நொடிதோறும் சரியான அளவு பெட்ரோல் போய்ச் சேர வேண்டும். அந்த வேலையைச் செய்வது, தீப்பெட்டியைவிடச் சற்றே பருமனான ஓர் உலோகக் கட்டி. அதுதான் கார்புரேட்டர்.

இந்தக் கட்டியைக் கழற்றி, அதன் துளைகளைப் பெரிதாக்கி, அதிக வலு வாங்க முயல்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களில் காட்டில் கூலிக்கு மரம் அறுப்பவர்களும் உண்டு, பந்தயத்துக்காக ரம்பம் கட்டுபவர்களும் உண்டு. இந்த முயற்சியில் எது பலிக்கும், எது எஞ்சினைக் கொல்லும் என்பதைச் சொல்ல மந்திரம் எதுவும் வேண்டாம். பள்ளிக்கூட இயற்பியல் போதும்.

மிதவை தோற்ற இடம்

பழைய மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு அதன் அடியில் உள்ள சிறு கிண்ணம் நினைவிருக்கும். கிண்ணத்துக்குள் ஒரு மிதவை. பெட்ரோல் மட்டம் இறங்கினால் மிதவையும் இறங்கும், ஊசி திறக்கும், பெட்ரோல் வரும். மட்டம் ஏறினால் ஊசி மூடிக்கொள்ளும். இந்த ஏற்பாடு முழுக்க முழுக்கப் புவியீர்ப்பை நம்பியிருக்கிறது. வண்டி நிமிர்ந்து நிற்கும்வரை குறையில்லை. கவிழ்ந்தால் பெட்ரோல் கொட்டிவிடும்.

ரம்பம் நிமிர்ந்தே நிற்கும் கருவியல்ல. நிற்கும் மரத்தை வீழ்த்த அதைப் பக்கவாட்டில் படுக்கவைத்துப் பிடிக்க வேண்டும். கிளை கழிக்கும்போது சில நேரம் தலைகீழாகவே பிடிக்க வேண்டிவரும். ஜெர்மனியில் ஆந்திரேயாஸ் ஷ்டீல் 1926-இல் மின்சார ரம்பத்தையும், 1929-இல் பெட்ரோல் ரம்பத்தையும் கொண்டுவந்தார். இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய கனமான இயந்திரங்கள் அவை. அந்தத் தலைமுறை ரம்பங்கள் பலவற்றில் எஞ்சினை நிமிர்த்தியே வைத்துக்கொண்டு, சங்கிலி ஓடும் பட்டையை மட்டும் திருப்பிப் பூட்டும் வசதி இருந்தது. மரத்தை வீழ்த்த ஒரு நிலை, துண்டு போட இன்னொரு நிலை. ஒவ்வொரு முறையும் நிறுத்தித் திருப்பிப் பூட்ட வேண்டும்.

மிதவையை எடுத்துவிட்டு அதன் இடத்தில் ஒரு சவ்வை வைத்ததும் இந்தத் தொல்லை தீர்ந்தது. ஒஹையோ மாநிலத்தின் டொலிடோ நகரத்து டில்லட்சன் நிறுவனம் இந்தச் சவ்வுக் கார்புரேட்டரைப் பரப்பியவர்களில் முதன்மையானது. அதன் எச்.எல். வரிசை 1950-களில் ரம்பங்களில் பரவலாக இடம்பிடித்தது. 1959-இல் ஷ்டீல் நிறுவனத்தின் 'கான்ட்ரா' வந்தது. பல்சக்கரப் பெட்டி கிடையாது, எடை ஏறத்தாழ 12 கிலோ, எந்தக் கோணத்திலும் ஓடும் சவ்வுக் கார்புரேட்டர். ஒற்றை ஆள் தூக்கி, விரும்பியபடி திருப்பி அறுக்கும் ரம்பம் அன்றுமுதல் காடுகளின் வேகத்தையே மாற்றியது.

தொண்டையில் நடப்பது

கார்புரேட்டரின் நடுவே காற்று போகும் வழி ஓரிடத்தில் குறுகி, மீண்டும் விரிகிறது. குறுகிய அந்தத் தொண்டைக்கு வென்சூரி என்று பெயர். ஓடும் பாய்மத்தின் வேகம் கூடினால் அதன் அழுத்தம் குறையும் என்ற விதியை தானியேல் பெர்னூலி 1738-இல் தம் நூலில் எழுதினார். குறுகிய குழாயில் இதைச் சோதித்து 1797-இல் வெளியிட்டவர் இத்தாலியரான ஜோவான்னி பட்டிஸ்டா வென்சூரி. அவருடைய பெயர்தான் ஒவ்வொரு கார்புரேட்டரின் தொண்டையிலும் இருக்கிறது.

எண்களை வைத்துப் பார்ப்போம். 70 சி.சி. கொள்ளளவுள்ள டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் நிமிடத்துக்கு 12,000 சுற்று சுற்றுகிறது என்றால், நொடிக்கு 200 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் கொள்ளளவில் பாதி அளவே காற்று புகுந்தாலும், நொடிக்கு 7 லிட்டர் காற்று உள்ளே போகிறது. 15 மில்லிமீட்டர் விட்டமுள்ள தொண்டை வழியாக அது போக வேண்டுமானால், சராசரி வேகம் நொடிக்கு 40 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டருக்கு மேல். இந்த வேகம் உண்டாக்கும் உறிஞ்சல், 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீரை ஏற்றக்கூடிய அளவுதான். காற்று விட்டுவிட்டுப் புகுவதால் உச்சக் கணங்களில் உறிஞ்சல் இதைவிடப் பல மடங்கு இருக்கும். ஆனாலும் மென்மையான இழுப்பே. அந்த இழுப்பில்தான் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறத்தாழ 3 மில்லிகிராம் பெட்ரோல் தொண்டையில் உள்ள சிறு துளையிலிருந்து கிளம்பி, காற்றில் கலந்து, எஞ்சினுக்குள் போகிறது.

சவ்வின் வேலை

இந்த 3 மில்லிகிராமை அளப்பது எப்படி? கார்புரேட்டரின் ஒரு பக்க மூடியைக் கழற்றினால் முதல் சவ்வு தெரியும். இது பம்ப். எஞ்சினின் கிராங்க் அறையில் பிஸ்டன் ஏறி இறங்கும்போது அழுத்தம் மாறி மாறி ஏறி இறங்குகிறது. அந்தத் துடிப்பு ஒரு சிறு துளை வழியாக இந்தச் சவ்வின் ஒரு முகத்தைத் தட்டுகிறது. சவ்வு உதறும்போது மறுமுகத்தில் உள்ள பெட்ரோல், டேங்கிலிருந்து இழுக்கப்பட்டு முன்னே தள்ளப்படுகிறது. நொடிக்கு 200 துடிப்பு. தனியாக மோட்டாரும் வேண்டாம், புவியீர்ப்பும் வேண்டாம்.

மறுபக்க மூடியின் கீழே இருப்பது இரண்டாவது சவ்வு. அளக்கும் வேலை இதனுடையது. இதன் ஒரு முகத்தில் பெட்ரோல் அறை, இன்னொரு முகத்தில் மூடியில் உள்ள சிறு துளை வழியாக வெளிக்காற்று. தொண்டையில் உறிஞ்சல் ஏற்பட்டதும் அறையிலிருந்து பெட்ரோல் வெளியேறுகிறது, அறையின் அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று சவ்வை உள்நோக்கி அமுக்குகிறது. சவ்வு ஒரு சிறு நெம்புகோலை அழுத்துகிறது, நெம்புகோலின் மறுமுனை ஊசியைத் தூக்குகிறது, புதிய பெட்ரோல் உள்ளே வருகிறது. போதுமான அளவு வந்ததும் சவ்வு விலக, சுருள்வில் ஊசியை மூடுகிறது. எவ்வளவு போனதோ அவ்வளவே வரும்.

காற்று வடிகட்டியில் மரத்தூள் அடைத்துக்கொண்டால் தொண்டையில் உறிஞ்சல் கூடும், பெட்ரோல் தேவைக்கு மேல் வரும். இதைத் தவிர்க்க இன்றைய ரம்பங்கள் பலவற்றில் அந்த மூடித் துளையை வடிகட்டியின் உட்பக்கக் காற்றோடு இணைத்துவிடுகிறார்கள். அடைப்பின் விளைவு சவ்வின் இரு முகங்களிலும் சமமாகப் படுவதால் கலவை அதிகம் மாறுவதில்லை. இதை அறியாமல் அந்த வழியை அடைத்துவிட்டு, கலவை சரியாக நிற்கவில்லையே என்று திருகைத் திருகிக்கொண்டிருந்தால் தீர்வு கிடைக்காது.

வெளியே தெரியும் திருகுகள் பொதுவாக மூன்று. எல் திருகு, ஐடிலிலும் தாழ்ந்த வேகத்திலும் பெட்ரோலை அளக்கிறது. எச் திருகு, முழு ரேஸ் கொடுக்கும்போது அளக்கிறது. மூன்றாவது, ஐடில் வேகத்தை வைப்பதற்கு. நாம் பேசும் வலு எச் திருகின் கையில் இருக்கிறது.

காது சொல்லும் கணக்கு

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். அதிக வலு கிடைப்பது அதைவிடச் சற்றுச் செறிந்த கலவையில், 12.5 அல்லது 13 கிராம் காற்றுக்கு ஒரு கிராம் என்ற அளவில். பட்டறை மொழியில் பெட்ரோல் கூடினால் ரிச், குறைந்தால் லீன்.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலோடு இன்னொன்றும் போகிறது. ஆயில். ஐம்பதுக்கு ஒன்று என்று கலந்தால் லிட்டருக்கு 20 மில்லிலிட்டர். பிஸ்டனுக்கும் கிராங்க் பேரிங்குக்கும் வேறு எண்ணெய் கிடையாது. எச் திருகை மூடிப் பெட்ரோலை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், ஆயிலும் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. அதே நேரத்தில் சுற்று வேகம் ஏறுகிறது, பெட்ரோல் ஆவியாகும்போது கிடைக்கும் குளிர்ச்சி குறைகிறது, சூடு கூடுகிறது. சில நிமிடங்களுக்கு ரம்பம் பறக்கும். பிறகு பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்வும். அப்படிச் சீஸ் ஆன எஞ்சினைப் பிரித்தால், சூடு மிகுந்த எக்ஸாஸ்ட் பக்கத்தில் பிஸ்டன் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறியிருக்கும். லீன் ஓட்டத்தின் கையெழுத்து அது.

கைதேர்ந்த மெக்கானிக் இதைக் காதால் தவிர்க்கிறார். எச் திருகைத் திறந்து, சுமையில்லாமல் முழு ரேஸ் கொடுத்தால் எஞ்சின் தெளிவாகப் பாடாது, தடதடவென்று உளறும். கலவை மிகச் செறிந்திருப்பதால் ஒரு சுற்றில் தீப்பற்றாமல் போகிறது. அடுத்த சுற்றில் சிலிண்டரில் கழிவு வாயு குறைந்திருப்பதால் பற்றுகிறது. இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிப்பதால், ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினைப் போன்ற ஒலி. சங்கிலியை மரத்தில் வைத்ததும் சுமை ஏறி, வேகம் இறங்கி, ஒலி சுத்தமாக வேண்டும். மரத்திலிருந்து தூக்கியதும் உளறல் திரும்ப வேண்டும். இந்த எல்லையில் வைத்தால் அறுக்கும்போது வலு கிடைக்கும், வெறுமனே சுற்றும்போது அளவுமீறிய வேகத்துக்குப் போகாமல் செறிந்த கலவையே தடுத்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. புதிய ரம்பங்கள் பலவற்றில் தீப்பொறிச் சுருளே வேகத்துக்கு வரம்பு கட்டுகிறது. வரம்பைத் தொட்டதும் பொறியை விட்டுவிட்டுக் கொடுக்கும், அதுவும் உளறல் போலவே கேட்கும். இதை ரிச் என்று எண்ணித் திருகை மேலும் மூடினால் எஞ்சின் போய்விடும். அத்தகைய ரம்பத்துக்குச் சுற்று வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டர் கட்டாயம்.

துளையைப் பெரிதாக்கினால்

1950-களின் இறுதியில் அமெரிக்காவில் கோ-கார்ட் பந்தயம் பரவியபோது, மெக்கல்லக் நிறுவனத்தின் ரம்ப எஞ்சின்கள் அந்தச் சிறு வண்டிகளில் ஏறின. அவற்றோடு சவ்வுக் கார்புரேட்டரும் ஏறியது. வலுவுக்காகத் தொண்டையைக் குடைவதும் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைப் பெரிதாகத் துளைப்பதும் கார்ட் பட்டறைகளில் வழக்கமாயின. ரம்பக்காரர்களும் அதே வேலைகளைச் செய்கிறார்கள். முக்கியமானவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, ஜெட் துளை. 0.70 மி.மீ. துளையை 0.80 ஆக்கினால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் பரப்பு விட்டத்தின் இருமடியாகக் கூடும். 49-க்கு 64, அதாவது 31 விழுக்காடு அதிகம். எச் திருகைச் சற்றே திருப்பிப் பெறக்கூடிய மாற்றத்தைவிட இது பல மடங்கு. திருகை முழுக்கத் திறந்தும் எஞ்சின் லீனாகவே ஓடினால் மட்டுமே ஜெட்டில் கைவைக்க நியாயம் உண்டு.

இரண்டாவது, தொண்டையைக் குடைவது. 15 மி.மீ. தொண்டையை 16 ஆக்கினால் பரப்பு 14 விழுக்காடு கூடுகிறது. அதே அளவு காற்று போகும்போது வேகம் 12 விழுக்காடு குறைகிறது. உறிஞ்சல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது, ஆகவே அது 23 விழுக்காடு விழுகிறது. பெட்ரோல் ஓட்டம் உறிஞ்சலின் இருமடி மூலத்தைப் பொறுத்தது, எனவே பெட்ரோல் 12 விழுக்காடு குறைகிறது. பெட்ரோல் அதிகம் பாய வேண்டும் என்று தொண்டையைப் பெரிதாக்கியவருக்குக் கிடைப்பது லீன் கலவை. தாழ்ந்த வேகத்தில் நிலைமை இன்னும் மோசம். உறிஞ்சல் போதாமல் பெட்ரோல் பொடியாகச் சிதறாது, துளித்துளியாகச் சொட்டும். ரேஸ் கொடுத்ததும் எஞ்சின் திக்கும்.

மூன்றாவது, காற்று வழியைத் திறந்து மூடும் திராட்டில் தகட்டின் அச்சுத்தண்டை அராவி மெலிதாக்குவது. முழுக்கத் திறந்த நிலையில் அந்தத் தண்டு காற்றின் வழியில் குறுக்கே நிற்பது உண்மைதான். மெலிதாக்கினால் வழி சற்று விரியும். ஆனால் தண்டு முறிந்தாலோ, தகட்டைப் பிடித்திருக்கும் சிறு திருகு கழன்றாலோ, போய்ச் சேரும் இடம் எஞ்சினின் உட்புறம்.

நான்காவது, அளக்கும் சவ்வின் நெம்புகோலை உயர்த்தி வளைப்பது. உயர்த்தினால் ஊசி முன்னதாகவே திறக்கும், ஐடிலில் பெட்ரோல் வழியும், பிளக் நனையும். நெம்புகோலின் உயரத்துக்கென்று கார்புரேட்டர் நிறுவனங்களே அளவுகோல் தகடு தருகின்றன. அந்த அளவைத் தாண்டிப் பெறத்தக்க லாபம் எதுவும் இல்லை.

அப்படியானால் வலு எங்கிருந்து வரும்? எஞ்சினுக்குள் போகும் காற்றிலிருந்து. கார்புரேட்டர் வலுவை உண்டாக்குவதில்லை, காற்றுக்கு ஏற்பப் பெட்ரோலை அளந்து போடுகிறது. அனுபவமுள்ளவர்கள் முதலில் சைலன்சரைப் பார்ப்பது இதனால்தான். வெளியேறும் வழி விரிந்தால் கழிவு வாயு எளிதாகப் போகும், புதிய காற்று அதிகம் புகும், அதற்கு ஈடாக எச் திருகைத் திறக்க வேண்டிவரும். இதற்கும் விலை உண்டு. சத்தம் கூடும், தீப்பொறியைத் தடுக்கும் வலை போய்விட்டால் காய்ந்த காட்டில் தீப்பிடிக்கும் ஆபத்து வரும். அமெரிக்காவில் 1997 முதல் சிறு எஞ்சின்களுக்கும் புகை விதிகள் வந்தபின், எச், எல் திருகுகளின் மேல் சுழற்சியை வரம்பிடும் தொப்பிகள் வந்தன. அவற்றைப் பிடுங்குவது அங்கே சட்ட மீறல்.

பெட்ரோல் வழிகளைத் துணிந்து பெரிதாக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மரவெட்டுப் பந்தயங்களுக்காகக் கட்டப்படும் 'ஹாட் சா' ரம்பங்களில் சில மெத்தனாலில் ஓடுபவை. ஒரு கிராம் மெத்தனால் எரிய ஏறத்தாழ 6.4 கிராம் காற்றே போதும். ஆகவே அதே காற்றுக்கு இருமடங்குக்கும் மேலான எரிபொருள் போக வேண்டும். அங்கே ஜெட்டைத் துளைக்காமல் முடியாது. அந்த ரம்பம் சில நொடிகள் ஓடினால் போதும், மூன்று துண்டு அறுத்தால் வேலை முடிந்தது. எட்டு மணி நேரம் கூலிக்கு ஓட வேண்டிய ரம்பத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

மலையும் எத்தனாலும்

எந்தத் துளையையும் தொடாமலே கலவை மாறும் இரண்டு சூழ்நிலைகளை நம் ஊர்க்காரர்கள் அறிந்திருக்க வேண்டும்.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளியில் சரியாக வைத்த கார்புரேட்டர் அங்கே பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக ரிச் ஆகும். புகையும், வலு குறையும். எச் திருகைச் சற்று மூடினால் சரியாகிவிடும். ஆபத்து இறங்கும்போதுதான். அதே ரம்பத்தை மேட்டுப்பாளையத்துக்குக் கொண்டுவந்து, திருகைத் திரும்பத் திறக்காமல் ஒரு பெரிய மரத்தில் வைத்தால் எஞ்சின் லீனாக ஓடும். முதல் நாளே சீஸ் ஆகலாம்.

அடுத்தது எத்தனால். இந்தியாவில் இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாக விற்கப்படுகிறது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அது எரியக் குறைந்த காற்றே வேண்டும். கலப்பில்லாத பெட்ரோலுக்கு வைத்த திருகு, இந்தப் பெட்ரோலில் ஏறத்தாழ 8 விழுக்காடு லீன். கூடவே எத்தனால் ஈரத்தை உறிஞ்சும், பழைய ரப்பர் சவ்வுகளையும் குழாய்களையும் ஊதவைக்கும், விறைக்கவைக்கும். ரம்பக் கையேடுகள் பல 10 விழுக்காட்டுக்கு மேல் எத்தனால் வேண்டாம் என்றே சொல்கின்றன. சில வாரங்கள் ரம்பத்துக்கு வேலை இல்லையென்றால் டேங்கைக் காலிசெய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டி, உள்ளே மிஞ்சியதையும் தீர்த்துவிடுவது சவ்வின் ஆயுளைக் காக்கும்.

காதின் வேலையைச் செய்யும் சில்லு

இன்று ஹஸ்க்வார்னாவின் ஆட்டோடியூன், ஷ்டீலின் எம்-ட்ரானிக் போன்ற ஏற்பாடுகளில் எச், எல் திருகுகளே இல்லை. ஒரு மின்காந்த வால்வு பெட்ரோலை அளக்கிறது. சில்லு கலவையைச் சற்றே மாற்றிப் பார்த்து, சுற்று வேகம் எப்படி மாறுகிறது என்று கவனித்து, சரியான இடத்தில் நிறுத்துகிறது. மெக்கானிக்கின் காது செய்த அதே சோதனை. 2019-இல் விற்பனைக்கு வந்த ஷ்டீல் எம்.எஸ். 500ஐ ரம்பத்தில் கார்புரேட்டரே கிடையாது. 79.2 சி.சி., 5 கிலோவாட், சங்கிலியும் பட்டையும் இல்லாமல் 6.2 கிலோ. மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. மலையேறினாலும் இறங்கினாலும் அளவைத் தானே திருத்திக்கொள்கிறது.

ஆனால் நம் பட்டறைகளில் பெரும்பாலும் வேலைக்கு வருபவை சவ்வும் திருகும் உள்ள ரம்பங்களே. இன்னும் பல ஆண்டுகளுக்கு அவை ஓடும். வலு குறைந்த ரம்பம் ஒன்று மேசைக்கு வந்தால், துளைக்கருவியை எடுக்கும் முன் இந்த வரிசையில் பாருங்கள். சங்கிலி கூராக இருக்கிறதா? காற்று வடிகட்டி சுத்தமா? டேங்குக்குள் உள்ள பெட்ரோல் வடிகட்டியும், கார்புரேட்டருக்குள் உள்ள சிறு வலையும் அடைத்திருக்கின்றனவா? சைலன்சரில் கரி படிந்திருக்கிறதா? கிராங்க் சீலிலோ, கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பரிலோ கசிவு உண்டா? சவ்வுகள் வளையாமல் விறைத்திருந்தால் புதிய செட் மாற்றுங்கள். அதன்பிறகு எல் திருகு, பிறகு ஐடில், பிறகு எச் திருகு. புகார்களில் பெரும்பாலானவை இங்கேயே தீர்ந்துவிடும்.

அதற்கு மேலும் வலு வேண்டுமென்றால், உங்கள் கார்புரேட்டரைக் குடையாதீர்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த பெரிய ரம்பத்தின் கார்புரேட்டர் பொருந்துமா என்று பாருங்கள். அதன் தொண்டையும் ஜெட்டும் ஒன்றுக்கொன்று கணக்குப் பார்த்து அமைக்கப்பட்டவை. பிடிக்காவிட்டால் பழையதையே திரும்ப மாட்டிக்கொள்ளலாம். எச் திருகை எப்போதும் சற்று ரிச் பக்கமே விட்டுவையுங்கள், அதேவேளை அளவுக்கு மீறித் திறக்காதீர்கள். எரியாத பெட்ரோலும் கார்பன் மோனாக்சைடும் முதலில் போய்ச் சேருவது ரம்பத்தைப் பிடித்திருப்பவரின் மூக்குக்குத்தான். திருகைத் திருப்பினால் திரும்பவும் பழைய இடத்துக்குக் கொண்டுவரலாம். உலோகத்தில் போட்ட துளையை அடைக்க முடியாது. அளந்து பார்க்காமல் துளைக்காதீர்கள்.